இரண்டு சீட்டும் ஏழு சீட்டும்

அத்தியாயம் 14

நாகநாதனுக்கு ஒரு வருடம் நிறைந்த ஆட்டைத் திவசம் கொடுத்து ஆறு நாள் ஆகிவிட்டது. ஒரு வருடத் துக்கம் அத்தோடு முடிந்தது, இனி இந்த வீட்டில் நல்ல காரியம் எதுவும் செய்யலாம் என்று குருக்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். என்ன நல்ல காரியம் செய்வது என்றுதான் அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பினாங்கில் கிரீன் லேனை ஒட்டிய தெருவில் இருக்கும் அந்த வீட்டில் இப்போது மூன்று பேர். துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற கார்த்திகேசு. அவர் மனைவி பத்மாவதி. மருமகள் தனலெட்சுமி. போன வருடம் ஆகஸ்டில், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஆபீசில், மதியம் மூன்று மணிக்கு மேசையில் தலையைச் சாய்த்த மகன் நாகநாதன் பிறகு எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்து மூன்று. மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டதாக டாக்டர் சொன்னார்.

அன்றிலிருந்து மூவரும் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், எட்டு மணிச் செய்தி பார்க்கிறார்கள். அழுகிறார்களா என்றால் இல்லை. அழ வேண்டிய நாட்களில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கவே நேரம் போதவில்லை. ஆட்கள் போன பிறகு அழுகை வரும் என்று தனம் காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. இருப்பது தெரிகிறது, தொட்டால் ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் போர்ச்சில் நாகநாதனின் கார் நின்றது. கரும்பச்சை எம்.ஜி.பி., 1966 மாடல், கித்தான் கூரை, இரண்டே சீட். பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்து ஊர் திரும்பிய ஓர் ஆஸ்திரேலிய சார்ஜெண்டிடம் எண்பத்தெட்டில் வாங்கியது. நாகநாதன் ஆசைப்பட்டுச் செய்த காரியங்கள் இரண்டு. ஒன்று இந்தக் கார். மற்றது தனம். இரண்டையுமே வீட்டில் யாரும் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

தினமும் காலை ஆறரைக்குச் சாமி படத்துக்குப் பூ வைத்த கையோடு, பத்மாவதி தேத்தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அந்தக் காரின் இடப்பக்கச் சீட்டில் உட்காருவாள். இருபது நிமிடம் இருப்பாள். டம்ளர் காலியானதும் இறங்கி வந்து சமையலைப் பார்ப்பாள். ஒரு வருடமாக இதுதான் நடக்கிறது.

தனம் ஃபேக்டரி பஸ்ஸுக்குத் தலை வாரிக்கொண்டே ஜன்னல் வழியாக இதைப் பார்ப்பாள். அது அவளுடைய சீட். மூன்று வருடம் அவள் உட்கார்ந்த இடம். அவன் உயிரோடு இருந்தபோது மாமி அந்தக் காரில் ஏறியதே ஆறேழு முறைதான் இருக்கும். இரண்டு சீட் காரில் ஒருவன் ஓட்டினால் இன்னொருவர்தான் ஏறலாம், அம்மாவா பெண்டாட்டியா என்பது ஒவ்வொரு முறையும் கேள்வியாகிவிடும். தைப்பூசத்துக்கு அவன் இரண்டு நடை போவான். முதல் நடையில் யார் என்பதற்கு முதல் நாளே வீட்டில் முகங்கள் தொங்கிவிடும். "இந்தக் காரில எனக்கு இடமில்லை" என்று பத்மாவதி ஒரு தடவை வந்த விருந்தாளிகள் முன்னால் சொல்லியிருக்கிறாள். இப்போது அங்கே போய் உட்காருகிறாள். தனத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

இன்று புதன்கிழமை. தனம் லீவு போட்டிருந்தாள். காலையில் இடியப்பத் தட்டோடு சேர்த்து ஒரு பழுப்பு ஃபைலையும் மாமனார் அவள் முன்னால் வைத்தார்.

கார்த்திகேசுவைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முப்பத்தாறு வருடம் ஆபீசில் ஃபைல் பார்த்த மனுஷன், ரிடையராகி வீட்டையும் ஆபீசாக்கிவிட்டார். ஃப்ரிட்ஜ் வாங்குவது, கூரை மாற்றுவது, எல்லாவற்றுக்கும் ஒரு ஃபைல். அதில் விஷயத்தை எழுதி வீட்டிலுள்ளவர்களிடம் சுற்றுக்கு விடுவார். ஒவ்வொருவரும் தங்கள் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாகநாதன் கல்யாணத்துக்கும் ஃபைல் இருந்தது. 'பையன் உறுதியாக இருக்கிறான். பெண் படித்தவள், நல்ல உத்தியோகம். நம் ஆட்கள் இல்லை என்பது தவிர வேறு குறை காணவில்லை. அனுமதிக்கலாம்' என்று அவர் எழுதியிருந்தார். கீழே பத்மாவதி ஒரே சொல் எழுதியிருந்தாள்: 'பார்த்தேன்.' அந்த ஃபைலை நாகநாதனே தனத்திடம் காட்டி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான்.

இன்றைய ஃபைலில் ஒரு நீளத் தாள். நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. இடப்பக்கம் 'பழைய வாகனம்', வலப்பக்கம் 'புதிய வாகனம்'. டெண்டர் ஒப்பிடுவது போல வரிசையாக எழுதியிருந்தார். வயது இருபத்தெட்டு, புதியது. கதவு இரண்டு, ஐந்து. தரையிலிருந்து சீட்டின் உயரம் ஓர் அடிக்குச் சற்று மேல், மூன்று அடி. மழையில் ஒழுகும், ஒழுகாது. ஏர்கான் இல்லை, முன்னும் பின்னும் உண்டு. இருக்கை இரண்டு, ஏழு.

'உபயோகம்' என்ற இடத்தில் பழையதற்கு 'ஓட்டுவதற்கு' என்றும் புதியதற்கு 'போய் வருவதற்கு' என்றும் எழுதியிருந்தார். தனம் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். மாமாவுக்கு இவ்வளவு தெரியும் என்று அவள் நினைத்ததில்லை.

கடைசி வரி, 'தற்போது ஓட்டுபவர்.' பழையதற்கு நேரே 'இல்லை' என்று இருந்தது.

விஷயம் இதுதான். ஏழு பேர் உட்காரும் பஜேரோ ஒன்றுக்கு அவர் ஏற்பாடு செய்துவிட்டார். பத்து மணிக்கு வீட்டுக்கே வருகிறது. வியாபாரி நூர் முகம்மது நாலு மணிக்கு மறுபடி வந்து பச்சைக் காரை எடுத்துக்கொண்டு போவார். நாகநாதனுக்குப் பிறகு அந்தக் கார் தனத்தின் பெயருக்கு மாறியிருந்ததால் அவள் கையெழுத்து வேண்டும்.

"கட்டாயம் இல்லைப் பிள்ளை," என்றார் கார்த்திகேசு. "வேண்டாம் எண்டால் காரணத்தை எழுது. காரணம் சரியெண்டால் நான் நிப்பாட்டிப் போடுவன்."

அவர் அப்படிச் சொன்னால் அப்படித்தான் செய்வார். எழுதிக் கொடுத்த காரணம் எதையும் அவர் இதுவரை தள்ளியதில்லை.

தனம் பேனாவைத் திறந்தாள். கார் போகக் கூடாது. அது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. மரத்துப்போன உடம்பில் ஒரே ஓர் இடத்தில் முள் இருப்பது போல அது தெரிந்தது. ஆனால் எழுத ஒரு காரணம் கிடைக்கவில்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் இல்லை. கார் மாதக்கணக்கில் நகரவில்லை, டயர்கள் அமுங்கிவிட்டன. மழைக்கு உள்ளே பேப்பர் விரிக்க வேண்டியிருக்கிறது. 'எனக்கு வேண்டும்' என்பது மாமாவின் ஃபைலில் ஒரு காரணமாக நிற்காது. பத்மாவதியின் கட்டத்தைப் பார்த்தாள். அதுவும் காலியாக இருந்தது. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டாளாம்.

"உங்களுக்கு ஏன் மாமா அது போகணும்?" என்று தனம் கேட்டாள்.

கார்த்திகேசு சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாளைக்கு இருபது நிமிசம். ஒரு வருசம். உள்ளுக்க இருந்து மாமி என்ன செய்யிறா எண்டு எனக்குத் தெரியாது. கேக்கவும் பயமாக் கிடக்கு. ஆட்டை முடிஞ்சா நிப்பாட்டுவா எண்டு பாத்தன். இண்டைக்கும் போய் இருந்தவ."

தனம் பேனாவை மூடினாள். நாலு மணி வரை நேரம் இருக்கிறது, அதற்குள் எழுதித் தருகிறேன் என்றாள். எதை எழுதுவது என்று அவளுக்குத் தெரியாது.

பத்து மணிக்குப் பஜேரோ வந்தது. கருநீலம். தெருவுக்குள் அது திரும்பியபோது எதிர்வீட்டு நல்லம்மா துணி காயப்போடுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கு வந்து நின்றாள். நூர் முகம்மது மேலேயிருந்து குதித்து இறங்கி, சாவியை இரண்டு கையாலும் கார்த்திகேசுவிடம் கொடுத்தார். மனுஷருக்கு வியாபாரம் பேச்சிலேயே இருந்தது. இதில் ஏறிவிட்டால் கேமரன் மலை வரைக்கும் யாரும் முதுகுவலி என்று சொல்ல மாட்டார்கள், தண்ணீர் நிற்கிற ரோட்டில் எல்லாரும் நிற்கும்போது நீங்கள் மட்டும் போவீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

பஜேரோவைப் பச்சைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். சின்னக் காரின் கூரை பெரிய வண்டியின் கதவுக் கைப்பிடிக்குத்தான் வந்தது. நூர் முகம்மது இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத ஒரு நிமிடம் அவருக்கும் வந்துவிட்டது.

"அழகுன்னா இதுதான் சார்," என்று பச்சைக் காரைக் காட்டினார். "ஆனா அழகு வேற, குடும்பத்துக்கான கெரேத்தா வேறலா."

காரை மலாயில் கெரேத்தா என்றது மூவருக்கும் பழகியதுதான். குடும்பம் என்ற சொல்லுக்கு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் பெரிய வண்டியைப் பார்த்தார்கள்.

தண்ணீர்மலைக் கோயிலில் பூசை போட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. நூர் முகம்மது டாக்சி பிடித்துப் போனார். பத்மாவதிக்கு ஏறுவது சிரமமாக இருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் படியில் கால் வைத்தாள், தனம் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினாள். மாமி இவ்வளவு கனமில்லாமல் போய்விட்டாளே என்று அப்போதுதான் தெரிந்தது. முன் சீட்டில் கணவர் பக்கத்தில் உட்காருவாள் என்று தனம் நினைத்தாள். பத்மாவதி நடு வரிசையில் போய் உட்கார்ந்தாள். தனமும் முன்னால் போக முடியாமல் அதே வரிசையில் ஏறினாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம். கார்த்திகேசுவின் பக்கத்துச் சீட் காலி. பின் வரிசை முழுக்கக் காலி. சம்பளத்துக்கு வைத்த டிரைவர் போல அவர் தனியாக முன்னால் உட்கார்ந்து ஓட்டினார்.

மாமியும் மருமகளும் நாகநாதன் ஓட்டிய காரில் சேர்ந்து போனதே கிடையாது. இன்று தாராளமாக இடம் இருந்தது.

ஸ்காட்லண்ட் ரோட்டில் போகும்போது பக்கத்து வீட்டுச் சுவர்களுக்கு மேலாக எல்லாம் தெரிந்தது. கொடியில் காயும் துணி, கூண்டில் இருக்கும் மைனா, செடிக்குத் தண்ணீர் விடும் ஒரு சீனக் கிழவர். ஏர்கானில் கை ஜில்லிட்டது. என்ஜின் ஓடுகிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. சின்னக் காரில் இந்த ரோடு இப்படி இருக்காது. அதில் கால் நீட்டி, ஏறக்குறையப் படுத்தபடிதான் போக வேண்டும். ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும். லாரியின் சக்கரம் முகத்துக்கு நேராகச் சுற்றும். மழைமரங்களின் அடியில் போகும்போது இலை மடியில் விழும். பேசினால் காதில் விழாது, நாகநாதன் சும்மா சிரித்துக்கொண்டே ஓட்டுவான். இதையெல்லாம் தனம் நினைத்துப் பார்த்தாள். யாரோ சொன்ன விஷயம் போலத்தான் இருந்தது.

"சத்தமே இல்லை," என்றாள் பத்மாவதி, வெளியே பார்த்தபடி. அது புகழ்ச்சியா குறையா என்று தெரியவில்லை.

மலையடிவாரத்தில் கூட்டமில்லை. பிள்ளையார் சன்னிதிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். ஊரிலிருந்து ஒப்பந்தத்தில் புதிதாக வந்திருந்த ஐயர் ஒருவர் தட்டோடு வந்தார். இளவயது. பினாங்கில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு எதுவும் தெரியாது. வண்டியின் முன்புறத்தில் விபூதிப் பட்டை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலையைக் கண்ணாடிக்குக் கீழே கட்டினார். நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். கார்த்திகேசு சுற்றி வந்து நாலும் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

அர்ச்சனை யார் யார் பேருக்கு, பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கள் என்றார் ஐயர்.

ஒரு வருடமாக அந்தக் குடும்பம் கோயிலுக்கு வரவில்லை. அதற்கு முன்னால் முப்பத்து மூன்று வருடம் ஒரே வரிசைதான். ஒரே பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், இனி இவன் பேர்தான் முதலில் என்று பத்மாவதி சொல்லிவிட்டாள். அது மாறியதே இல்லை.

"நாகநாதன், உத்திரட்டாதி," என்றார் கார்த்திகேசு, மூன்றாவது சக்கரத்தைப் பார்த்தபடி. "கார்த்திகேசு, விசாகம். பத்மாவதி, ரோகிணி. தனலெட்சுமி, சதயம்."

யாரும் எதுவும் சொல்வதற்குள் ஐயர் சன்னிதி பக்கம் திரும்பிவிட்டார். உத்திரட்டாதியில், மீன ராசியில் பிறந்த நாகநாதனுக்கு நோயில்லாமல் இருக்க வேண்டும், செல்வம் பெருக வேண்டும், நீண்ட ஆயுள் வேண்டும் என்று சமஸ்கிருதத்தில் கணீரென்று சொன்னார். நல்ல குரல். வாசலில் பூக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

தனம் கைகூப்பியபடி நின்றாள். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக, ஐயரின் கைக்கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடுவதையும், உடைத்த தேங்காயின் ஒரு பாதி கோணலாக இருப்பதையும் அவள் கவனித்தாள். மாமா தெரிந்துதான் சொன்னாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்சிணையைத் தட்டில் வைத்துவிட்டு, மாலையின் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

பத்மாவதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அர்ச்சனை முழுக்க முடிந்து, தீபாராதனை முடிந்து, ஐயர் விபூதித் தட்டை நீட்டிக்கொண்டு எதிரில் வந்து நிற்கும் வரைக்கும் திறக்கவில்லை.

வண்டி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. வரும் வழியில் பத்மாவதியின் கைக்கும் தனத்தின் கைக்கும் நடுவில், காலியான சீட்டில் பிரசாதத் தட்டு இருந்தது. வளைவில் அது நகர்ந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள்.

நூர் முகம்மது சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். போர்ச்சில் நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார்கள். பெயர் மாற்றும் பாரத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். பச்சைக் காரைக் கட்டி இழுக்கக் கயிறும் கொண்டுவந்திருந்தார்.

கார்த்திகேசு ஃபைலைத் திறந்து மருமகள் பக்கம் தள்ளினார். அவள் கட்டம் இன்னும் காலிதான். வற்புறுத்தவில்லை. வெயிலில் பஜேரோவின் மாலை வாடத் தொடங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்மாவதி மோர்ச் செம்போடு நிலைப்படியில் நின்றாள்.

தனம் பாரத்தைப் படித்தாள். பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடுவதற்குத்தான் எடுத்தாள், அதில் சந்தேகமில்லை. இன்னும் ஒரு நிமிடத்தில் போட்டும் இருப்பாள். ஆனால் காலையிலிருந்து தேடிய காரணம் அப்போதுதான் அவளுக்குக் கிடைத்தது. கிடைத்ததும் எழுதக்கூடத் தோன்றவில்லை, வாயாலேயே சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கு வேணாம் மாமா. காலையிலதான் அவருக்கு நீண்ட ஆயுசு வேணும்னு அர்ச்சன செஞ்சிருக்கோம். சாயங்காலமே அவர் காரக் குடுத்தா நல்லா இருக்காது."

கார்த்திகேசு நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் தனத்துக்குப் புரிந்தது. மாமாவுக்குத் தெரியவே தெரியாது. கோயிலில் என்ன சொன்னோம் என்று இந்த நிமிடம் வரைக்கும் அவருக்குத் தெரியாது. ஐயரின் மந்திரமும் அவர் காதில் விழவில்லை. ஒரு வருடமாக எதுதான் விழுந்தது.

"அவனுக்கோ?" என்றார். "நான் அவன்ர பேரையோ சொன்னனான்?"

தனம் பேனாவை மூடி வைத்தாள். முப்பத்தாறு வருடத்தில் ஒரு கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழை விடாத மனுஷனிடம் என்னவென்று சொல்வது. சொல்லியிருக்கவே கூடாதோ என்று நினைத்தாள். நூர் முகம்மது எழுந்து, பஜேரோவின் டயரைப் பார்ப்பது போலத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"ஓம். முதலாவதாச் சொன்னீங்கள்," என்றாள் பத்மாவதி நிலைப்படியிலிருந்து. "நட்சத்திரமும் சரியாத்தான் சொன்னீங்கள்."

"நீ கேட்டுக்கொண்டோ நிண்டனீ? ஏன் திருத்தேல்லை?"

பத்மாவதி செம்பை மேசையில் வைத்தாள். கோபமோ அழுகையோ இல்லாத குரலில், சமையலில் உப்புச் சரியாக இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"ஒரு வருசமா இந்த வீட்டில ஒருத்தரும் அவன்ர பேரைச் சொல்லேல்லை. நீங்களும் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை, இந்தப் பிள்ளையும் சொல்லேல்லை. அவன், அவர், தம்பி எண்டு சொல்லிச் சொல்லியே இருந்திட்டம். நான் விடியக்காலமை அந்தக் காருக்க போய் இருந்து, கதவைச் சாத்திப்போட்டு, அவன்ர பேரைச் சொல்லிப் பாக்கிறனான். எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி. இண்டைக்கு ஐயர் எல்லாருக்கும் கேக்கச் சொன்னார். நல்லா இருந்தது. அதுதான் திருத்தேல்லை."

எதிர்வீட்டில் நல்லம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். செத்துப்போன பிள்ளைக்கு ஆயுள் கேட்ட வெட்கம் அவருக்கு இருந்தது. அதைவிட அதிகமாக, அந்தப் பெயரை யாராவது இன்னொரு முறை சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. அவர் அழவில்லை. ஆனால் கண்ணாடியைத் திரும்ப மாட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"காரணம் சரி," என்றார் கடைசியில். "இண்டைக்கு வேண்டாம்."

நூர் முகம்மது ஒன்றும் பேசாமல் வந்து பாரத்தை உறையில் போட்டார். அவருக்கு இது நஷ்டம்தான், ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. போகும்போது கேட்டருகில் தனத்திடம் மட்டும் மெல்லச் சொன்னார். "வாங்குறவரு ஈப்போவுல டாக்டர்ம்மா. வண்டி இன்னைக்கு வரலன்னா ஞாயித்துக்கிழம நேரா இங்கயே வந்துருவாரு. வண்டி அவருக்குத்தான்னு சாரே லெட்டர் எழுதிக் குடுத்திருக்காரு. நான் சொன்னாக் கேப்பாரு. அந்த லெட்டர் கேக்காது."

தனம் திரும்பி மாமனாரைப் பார்த்தாள். எழுதிக் கொடுத்த வார்த்தையை மீறாத மனுஷன் அவர். அது இந்தத் தெருவுக்கே தெரியும். அவருக்கும் அந்தக் கடிதம் இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூடிய ஃபைலின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நூர் முகம்மதுவின் வண்டி போன பிறகு பத்மாவதி பச்சைக் காரின் பக்கம் வந்தாள். உள்ளே ஏறவில்லை. கித்தான் கூரையில் விழுந்திருந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்தாள். தனமும் மறுபக்கம் நின்று எடுத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சின்னக் கார்தான் இருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"நாகநாதன் உனக்கு இதை ஓட்டப் பழக்கினவனோ?" என்று கேட்டாள் பத்மாவதி.

பெயரைக் கேட்டதும் தனத்துக்கு, ஊசியின் மரப்பு விடுகிற வாய் மாதிரி, லேசாக வலித்தது.

"மூணு தடவ மாமி," என்றாள். "ரெண்டாவது கியருக்கு மேல போகல."

"போதும்," என்றாள் பத்மாவதி.

மாமாவின் தாளில் 'தற்போது ஓட்டுபவர்' என்ற வரியில் 'இல்லை' என்று எழுதியிருந்தது தனத்துக்கு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.